கையால் செய்த 5.1 வால்யூம் பெட்டி: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

கம்ப்யூட்டர் 5.1 ஸ்பீக்கர் செட்டில் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) ஆம்ப்ளிஃபயர் சப்வூஃபர் பெட்டிக்குள்தான் இருக்கும். அந்தப் பெட்டி மேசைக்கு அடியில் இருக்கும். காலுக்கு எட்டும், கைக்கு எட்டாது. கூடவே வந்த ஒயர் ரிமோட் கொஞ்ச நாளில் கரகரக்கும், பழுதானால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்காது. அதனால்தான் மேசை மேல் வைக்கிற மாதிரி ஒரு வால்யூம் பெட்டியைச் சிலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். பெட்டியைச் செய்து, மூடியை முடுக்கி, பாட்டைப் போட்டதும் ஏதோ சரியில்லை என்றால் எங்கே கை வைப்பது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

பெட்டி இப்படி இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டரின் பச்சை (முன் ஸ்பீக்கர்கள்), கறுப்பு (பின் ஸ்பீக்கர்கள்), ஆரஞ்சு (சென்டரும் சப்வூஃபரும்) ஆகிய மூன்று சாக்கெட்டுகளிலிருந்து வரும் ஒயர்கள் பெட்டிக்குள் போகின்றன. உள்ளே மூன்று டூயல் பாட். பாட் என்றால் பொட்டென்ஷியோமீட்டர், குமிழைத் திருப்பினால் தடை மாறும் பாகம்; டூயல் என்றால் ஒரே தண்டில் இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றும் 10 கே (10 கிலோ ஓம்), லாக் வகை (காது உணரும் விதத்துக்கு ஏற்ப ஒலியை மாற்றுவது). அங்கிருந்து மூன்று ஒயர்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் போகின்றன. பெட்டிக்கு மின்சாரம் கிடையாது. ஆறு அடுக்கும் ஒரே தண்டில் உள்ள பாட்டும் உண்டு, ஆனால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில்கூட அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூன்று குமிழ் இருப்பதும் குறையில்லை. பின் ஸ்பீக்கரைத் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட பெட்டியில் கோளாறு வந்தால் எல்லோரும் முதலில் பாட்டைத்தான் திட்டுவார்கள், புதிது வாங்க ஓடுவார்கள். பாட் கெட்டுப்போவது குறைவு. பெரும்பாலும் குற்றவாளி கிரவுண்ட் ஒயர்தான், அதாவது சிக்னல் திரும்பிப் போகும் பொது ஒயர். கீழே பாதி கோளாறுகள் அங்கேயே போய் முடிவதைப் பார்ப்பீர்கள்.

மூடியைத் திறக்கும் முன்

பெட்டியைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் ஒயரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். கோளாறு அப்போதும் இருந்தால் பெட்டி நிரபராதி. இல்லையென்றால் பெட்டியை மறுபடி போட்டு, கம்ப்யூட்டர் பக்கம் பச்சையையும் கறுப்பையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். கோளாறு அதே ஸ்பீக்கரிலேயே நின்றால் பழுது பெட்டியிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. வேறு ஸ்பீக்கருக்குத் தாவினால் கம்ப்யூட்டர் பக்கம்.

அப்புறம் மிக முக்கியமான சோதனை ஒன்று. மூன்று ஒயரையும் ஒரே சமயத்தில் போட்டுச் சோதிக்காதீர்கள். பச்சையை மட்டும் போட்டுக் கேளுங்கள், பிறகு கறுப்பை மட்டும், பிறகு ஆரஞ்சை மட்டும். சவுண்ட் கார்டிலும் ஆம்ப்ளிஃபயரிலும் மூன்று சாக்கெட்டுகளின் கிரவுண்டும் உள்ளே பொதுவாக இணைந்திருக்கும். அதனால் பச்சை ஒயரின் கிரவுண்ட் அறுந்திருந்தாலும் கறுப்பின் கிரவுண்ட் வழியாக மின்னோட்டம் திரும்பிப் போய்விடும், பாட்டும் கேட்கும். பழுது ஒளிந்துகொள்ளும். என்றைக்கோ கறுப்பு ஒயரைக் கழற்றும்போதுதான் அது வெளியே வரும், நீங்களோ கறுப்பு ஒயரில் பழுதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கையில் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். பீப் சத்தம் தரும் மலிவான மீட்டரே போதும்.

பாடலில் குரல் மட்டும் காணோம்

இசை கேட்கிறது, ஆனால் பாடுபவரின் குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, அல்லது வரவே இல்லை. சினிமாவில் வசனம் மறைந்து பின்னணி இசை மட்டும் நிற்கிறது. கேட்டதும் மென்பொருளில் ஏதோ எஃபெக்ட் போட்டிருக்கிறது என்று நினைத்து அமைப்புகளை எல்லாம் புரட்டத் தோன்றும். வேண்டாம். இது கிரவுண்ட் அறுந்ததன் கையெழுத்து.

காரணம் இதுதான். இடது, வலது இரண்டு சிக்னலுக்கும் திரும்பிப் போகும் வழி கிரவுண்ட். அது இல்லாதபோது ஒன்று மற்றொன்றின் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. ஸ்பீக்கருக்குக் கிடைப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். குரலை ஒலிப்பதிவில் நடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைப்பது வழக்கம். சமமானதைச் சமமானதிலிருந்து கழித்தால் என்ன மிஞ்சும்?

ஒயர் முனையில் சாக்கெட்டில் சொருகும் பின்னின் அடிப்பாகம், அதாவது நுனியிலிருந்து எண்ணினால் மூன்றாவது வளையம், அதுதான் கிரவுண்ட். நுனி இடது, நடு வளையம் வலது. கம்ப்யூட்டர் பக்கப் பின்னின் அடிப்பாகத்திலிருந்து ஆம்ப்ளிஃபயர் பக்கப் பின்னின் அடிப்பாகம் வரை மீட்டரில் பீப் வர வேண்டும். வைத்துக்கொண்டே ஒயரை ஆட்டுங்கள். விட்டு விட்டு வந்தால் டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு.

பழைய மொபைல் ஹெட்செட் ஒயரை வெட்டிப் பயன்படுத்தியிருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு. மைக் உள்ள ஹெட்செட்டின் பின்னில் நான்கு வளையம் இருக்கும். இன்றைய போன்களில் மூன்றாவது வளையம் கிரவுண்ட், அடிப்பாகம் மைக். அடிப்பாகத்திலிருந்து வரும் ஒயரைக் கிரவுண்ட் என்று நினைத்துப் பற்றவைத்திருந்தால் இதே கோளாறு வரும். மூன்று வளையப் பின்னே வாங்கிப் போடுங்கள். கடையில் ஸ்டீரியோ ஈ.பி. பின் என்று கேட்டால் தருவார்கள்.

ஹெட்செட் ஒயரில் இன்னொரு தொல்லை, அதன் செம்பு இழைகளுக்கு மேல் இருக்கும் வார்னிஷ் பூச்சு. சிவப்பு, பச்சை, செம்பு நிறம் என்று அழகாக இருக்கும், ஈயம் மட்டும் ஒட்டாது. ஒட்டியது போல் தெரியும், மீட்டர் வைத்தால் இணைப்பே இருக்காது. சால்டரிங் அயர்னின் நுனியில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, இழையின் முனையைக் கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே பிடித்தால் பூச்சு எரிந்து ஈயம் ஏறும். இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் இரண்டு கோர் ஷீல்டு ஒயர் (உள்ளே இரண்டு ஒயர், சுற்றிலும் உலோக உறை) ஒரு மீட்டர் வாங்கிவிடலாம் என்பது என் கட்சி.

வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் பாட்டு நிற்கவில்லை

பாட்டின் மூன்று கால்களில் ஒரு ஓரம் கிரவுண்ட், நடு கால் வெளியே போகும் சிக்னல், மறு ஓரம் உள்ளே வரும் சிக்னல். கிரவுண்ட் கால் இணைக்கப்படாமல் இருந்தால் பாட் வெறும் தடையாக நடுவில் நிற்கும். ஆம்ப்ளிஃபயரின் நுழைவுத் தடை வழக்கமாக 10 கிலோ ஓம் அல்லது அதற்கு மேல் இருப்பதால் 10 கே தடையை வழியில் போட்டால் ஒலி கொஞ்சம் குறையுமே தவிர நிற்காது. இரண்டே ஒயரில் வேலையை முடித்தவர்களுக்கும் இதே அனுபவம்தான் கிடைக்கும். மூன்று காலும் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையான வகை உண்டு. இரண்டு அடுக்குகளின் கிரவுண்ட் கால்களையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு, அதை ஒயரின் கிரவுண்டோடு சேர்க்க மறந்திருந்தால், குமிழைக் குறைக்கக் குறைக்க ஸ்டீரியோ சுருங்கி, கடைசியில் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மோனோ ஒலி சன்னமாக வரும். அப்படிக் கேட்டால் நேராக அந்தத் துண்டு ஒயரைப் போய்ப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இணைந்திருந்தால் குமிழ் கடைசிவரை குறைத்த நிலையில் நடு காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டர் சில ஓம்தான் காட்டும். நூற்றுக்கணக்கில் காட்டினால் அந்தப் பாட் நிஜமாகவே பழுது.

முக்கால்வாசி திருப்பியும் மாற்றமே இல்லை, கடைசியில் பொட்டென்று நிற்கிறது

உள்ளே வரும் ஒயரையும் வெளியே போகும் ஒயரையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பெட்டியில் இரண்டு பக்கமும் சாக்கெட் வைத்திருந்தால் இது மிகச் சாதாரணம், திறக்கவே வேண்டாம், ஒயர்களை இடம் மாற்றிச் சொருகினால் போதும். அப்படியே விட்டுவைக்காதீர்கள். இந்த நிலையில் குமிழைக் குறைத்தால் சவுண்ட் கார்டின் வெளியீடு நேராகக் கிரவுண்டுக்கு ஷார்ட் ஆகிறது.

குமிழ் தலைகீழாக வேலை செய்கிறது

கூட்டினால் குறைகிறது. கிரவுண்டும் உள்ளீடும் கால் மாறியிருக்கின்றன. தண்டு உங்களைப் பார்த்து, கால்கள் கீழே பார்த்து இருக்கும்படி பாட்டைப் பிடித்தால் இடது கால்தான் கிரவுண்ட். பற்றவைக்கும்போது பாட்டைப் பின்பக்கமிருந்து பார்ப்போம், அங்கேதான் இடமும் வலமும் குழம்பும். ஒரு அடுக்கை மட்டும் இப்படி மாற்றியிருந்தால் ஒரு ஸ்பீக்கர் கூடும்போது மறு ஸ்பீக்கர் குறையும். லாக் பாட்டில் தலைகீழ் இணைப்பு இன்னும் மோசம், ஒலி மாற்றம் முழுவதும் ஒரு ஓரத்தில் போய்க் குவிந்துவிடும்.

தொட்டாலே சத்தம் எகிறுகிறது

குமிழைக் கொஞ்சம் திருப்பியதும் பாதி சத்தம் வந்துவிடுகிறது, மீதிச் சுற்று முழுவதும் பெரிதாக வித்தியாசம் இல்லை. பாட் லீனியர் வகை, அதாவது திருப்பும் அளவுக்கு நேர் விகிதத்தில் தடை மாறுவது. நம் காது ஒலியை மடங்குக் கணக்கில் உணர்வதால் வால்யூமுக்கு லாக் வகைதான் பொருந்தும். லீனியர் பாட் பாதிச் சுற்றில் 6 டெசிபல்தான் குறைக்கும். லாக் பாட் அதே இடத்தில் ஏறக்குறைய 16 முதல் 20 டெசிபல் குறைக்கும்.

பாட்டின் முதுகில் ஏ10கே என்று இருந்தால் லாக், பி10கே என்று இருந்தால் லீனியர். இன்று கடையில் கிடைப்பவற்றுக்கு இந்தக் கணக்கு சரி. பழைய ஐரோப்பிய சாதனத்திலிருந்து கழற்றிய பாட் என்றால் எழுத்துகள் நேர்மாறாக இருக்கலாம். எழுத்தை நம்பாமல் அளந்துவிடுங்கள். குமிழைப் பாதியில் நிறுத்தி, நடு காலிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் தடையைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் லீனியர்.

லாக் பாட் கிடைக்கவில்லை என்றால் ஒரு குறுக்கு வழி. 47 அல்லது 50 கே லீனியர் பாட் வாங்கி, ஒவ்வொரு அடுக்கிலும் நடு காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 6.8 கே ரெசிஸ்டரைப் பற்றவையுங்கள். பாதிச் சுற்றில் ஏறக்குறைய 15 டெசிபல் குறைவு கிடைக்கும், காதுக்கு இயல்பாக இருக்கும். லாக் என்று விற்கும் மலிவான பாட்களில் இரண்டு அடுக்கும் சரியாக ஒத்துப்போவதில்லை. அந்த வகையில் இந்த ஏற்பாடு சில சமயம் அவற்றைவிட மேல். 10 கே லீனியரில் இதைச் செய்ய 1.5 கே போட வேண்டிவரும். முழு வால்யூமில் சவுண்ட் கார்டு அவ்வளவு பாரத்தை இழுக்க நேரும், சில கார்டுகளில் பேஸ் குறையும். அதனால் 47 கே.

ம்ம்ம் என்ற இரைச்சல்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த ம்ம்ம் கேட்டால் எங்கோ ஒரு ஒயர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எப்போது கேட்கிறது என்பதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

குமிழில் கை வைத்ததும் மாறுகிறது என்றால் பாட்டின் உலோக உடல் கிரவுண்டில் இல்லை. உடலின் ஒரு ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, அங்கே ஒரு ஒயரைப் பற்றவைத்துக் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள். கிரவுண்ட் செய்த உலோகப் பெட்டி என்றால் நட்டை முடுக்கும்போதே இது நடந்துவிடும். பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் செய்திருந்தால் நீங்கள்தான் செய்ய வேண்டும். பிஸ்கட் டின் நல்ல தேர்வு. ஆனால் டின்னையும் ஒரே ஒரு இடத்தில் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். சும்மா விட்ட டின் இரைச்சலைத் தடுக்காது. மேசையில் வைத்த போனுக்கு அழைப்பு வரும் முன் ஸ்பீக்கரில் டிக்-டிக்-டிக் என்று கேட்பதும் இதே குடும்பம்தான்.

குமிழ் எங்கே இருந்தாலும் இரைச்சல் ஒரே அளவில் இருந்தால் அது பாட் என்ற பாகத்துக்குப் பிறகு நுழைகிறது. ஆம்ப்ளிஃபயர் பக்க ஒயரைப் பாருங்கள். ஷீல்டு இல்லாத ஒயராக இருக்கலாம், அல்லது ஷீல்டு ஒரு முனையில் விடுபட்டிருக்கலாம். குமிழோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து வருகிறது. மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று ஒன்று கேட்குமே, அது கம்ப்யூட்டருக்குள் உருவாகும் சத்தம். பெட்டியால் அதைக் குணப்படுத்த முடியாது. கேபினட்டின் முன்பக்க ஜாக்கைவிட்டுப் பின்பக்க ஜாக்கில் சொருகிப் பாருங்கள், பல சமயம் குறையும்.

பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? வீட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் வேலை செய்யவில்லை, அல்லது கம்ப்யூட்டரின் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்னோட்டம் உங்கள் டின்னுக்கு வந்து சேர்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று எர்த் பின்னைப் பிடுங்கச் சொல்லும் யோசனை இன்னும் சுற்றுகிறது. இரைச்சல் போகும், கூடவே பாதுகாப்பும் போகும்.

திருப்பும்போது கரகர

பழைய பாட் என்றால் உள்ளே கார்பன் பாதையில் தூசி. பின்பக்கத் துளை வழியாகக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை ஓரத்திலிருந்து ஓரம் இருபது முப்பது தடவை திருப்புங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் வேண்டாம், அன்றைக்குச் சரியாகி அடுத்த மாதம் இன்னும் தூசியைச் சேர்க்கும்.

புதுப் பாட்டே கரகரத்தால், பாட் வழியாக டி.சி. (நேர்மின்னோட்டம்) போகிறது என்று பொருள். மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, நடு காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே பாட்டு ஓடாதபோது அளந்து பாருங்கள். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட் தெரிந்தால், ஆம்ப்ளிஃபயர் பக்க ஒயரைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். கழற்றியதும் மறைந்தால் டி.சி. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருகிறது, நடு காலுக்கும் வெளியே போகும் ஒயருக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போட்டால் கரகரப்பு நிற்கும். பிளஸ் முனை டி.சி. கூடுதலாக உள்ள பக்கம்.

நடு வால்யூமில் மட்டும் ஒலி மந்தமாகிறது

முழு வால்யூமில் தாளம், சலங்கை எல்லாம் துல்லியம். கொஞ்சம் குறைத்ததும் கம்பளி போர்த்தியது போல் ஆகிறது. மிகவும் குறைத்தால் மறுபடி தெளிவு. பாட்டின் தடை மதிப்பு கூடுதல், வெளியே போகும் ஒயர் நீளம். 100 கே பாட் ஒரு கட்டத்தில் 25 கிலோ ஓம் வெளியீட்டுத் தடையாக நிற்கும். மீட்டருக்கு 200 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் உள்ள மலிவான ஷீல்டு ஒயர் 3 மீட்டர் போட்டால் 600 பிகோஃபாரட். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 10,600 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டத் தொடங்கும். 10 கே பாட் என்றால் அதே ஒயரில் அந்த எல்லை ஒரு லட்சம் ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும், காதுக்குக் கவலையே இல்லை. கையில் 100 கே மட்டும்தான் இருக்கிறது என்றால் நீளத்தைக் கம்ப்யூட்டர் பக்கம் வைத்து, ஆம்ப்ளிஃபயர் பக்க ஒயரைச் சுருக்குங்கள்.

பாட் சூடாகிறது, கருகல் வாடை

உடனே எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் போடாமல், ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே போட்டிருக்கிறீர்கள். இந்தச் சின்னப் பாட் கால் வாட்டுக்கும் குறைவாகத் தாங்கும். ஸ்பீக்கரோ 4 ஓம், பல வாட் கேட்கும். அறிகுறி வாடைக்கு முன்பே தெரியும்: குமிழின் கடைசி இழையில்தான் சத்தமே வரும். கருகிய பாட்டைத் தூக்கிப் போடுங்கள், ஆம்ப்ளிஃபயரையும் ஒருமுறை பெட்டி இல்லாமல் நேராக ஓட்டிப் பாருங்கள்.

சத்தம் குறைவாக இருக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறது

இரவில் மெதுவாக வைத்துக் கேட்டால் இடது ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது, கூட்டினால் சமமாகிவிடுகிறது. டூயல் பாட்டின் இரண்டு அடுக்குகளும் தொடக்கச் சுற்றில் ஒத்துப்போகாததுதான் காரணம். இரண்டு மூன்று டெசிபல் வித்தியாசம் மலிவான பாட்டில் சாதாரணம், கிளீனர் அடித்தாலும் போகாது. கம்ப்யூட்டரின் வால்யூமையோ ஆம்ப்ளிஃபயரின் வால்யூமையோ கொஞ்சம் குறைத்துவிட்டு, பெட்டிக் குமிழை நடுவுக்கு மேலே வைத்துப் பழகுங்கள். அது போதாது என்பவர்களுக்கு இரண்டு போல் (இரண்டு சிக்னலை ஒரே சமயத்தில் மாற்றும்), பன்னிரண்டு நிலை ரோட்டரி சுவிட்சும் ஒரு சதவீத ரெசிஸ்டர்களும் இருக்கின்றன. நிலைக்கு நிலை டக் டக்கென்று மாறும், சமமின்மை காதுக்குத் தெரியாது. மூன்று சுவிட்சுக்கும் சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்ட ரெசிஸ்டர்களைப் பற்றவைக்கும் பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

பின் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் பேசவே இல்லை

இதற்காகப் பெட்டியைப் பிரிப்பவர்கள் நிறைய. சாதாரணப் பாட்டு ஸ்டீரியோதான், அதில் முன் ஸ்பீக்கருக்கு மட்டுமே சிக்னல் போவது இயல்பு. விண்டோஸில் ஒலி அமைப்புக்குள் போய் ஸ்பீக்கரை 5.1 என்று தேர்ந்தெடுத்து, அங்குள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் வரும். சென்டரில் வர வேண்டியது சப்வூஃபரில் உறுமினால் ஆரஞ்சு ஒயரில் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. நுனி சென்டர், நடு வளையம் சப்வூஃபர் என்பதுதான் வழக்கம், ஆனால் சில ஸ்பீக்கர் செட்டுகளில் நேர்மாறாக இருக்கும். சில சவுண்ட் கார்டு மென்பொருளிலேயே இரண்டையும் மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது. இல்லையென்றால் ஆரஞ்சுப் பாட்டின் வெளியே போகும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்தால் முடிந்தது.